இரண்டு பிறந்தநாள்காரி

அத்தியாயம் 11

கடிதம் வந்த இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம். இந்த ஆறு நாளில் சின்னவள் அந்தக் கடிதத்தை எத்தனை தடவை பிரித்துப் பார்த்திருப்பாள் என்று கேட்காதீர்கள். மடிப்பு கிழிந்து, நடுவில் டேப் ஒட்டி வைத்திருக்கிறாள்.

இந்த வாரம்தான் நம்மோடு வந்து சேர்கிறவர்களுக்காக நாலு வரி. சின்னவள் என்பது அவள் பிறந்த வீட்டில் கூப்பிடும் பெயர். இரண்டு பெண்களில் இளையவள். கணவன் லிப்ட் மெக்கானிக். கம்பெனி அவனை இந்தத் தேசத்துக்கு அழைத்து ஒரு வருடம் ஆகிறது. அவளும் எட்டு வயது மகளும் வந்து ஏழு மாதம். மகளுக்கு வீட்டில் வக்கீல் என்று பட்டப்பெயர். காரணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை, அவளே காட்டிவிடுவாள்.

மூன்று பேரும் இங்கே தங்குவதற்கான அட்டைக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் உயிர். புதுப்பிக்க எழுதிப் போட்டார்கள். பதிலாக வந்தது அந்தக் கடிதம். மனைவியின் பெயரில் இரண்டு பிறந்த தேதிகள் இருக்கின்றன, வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்குக் குடும்பத்தோடு நேரில் வந்து விளக்கவும், அதுவரை யாருடைய அட்டையும் புதுப்பிக்கப்படாது.

பாஸ்போர்ட்டில் ஜூன் இரண்டு. கிளினிக்கில் அதே வருடத்து நவம்பர் பதினான்கு.

இதற்குப் போய் ஒரு கடிதமா என்று நம்மில் பாதிப் பேர் சிரிப்பீர்கள். பள்ளிக்கூடத்துத் தேதி ஒன்று, பிறந்த தேதி ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்ளாத வீடு எத்தனை இருக்கிறது நம்மிடம்? ஆனால் சிரிப்பதற்கு நீங்கள் ஊரில் இருக்க வேண்டும். இங்கே இருந்தால் நீங்களும் கடிதத்துக்கு டேப் ஒட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அந்த வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு மெக்கானிக் சமையலறை வாசலில் நின்றுகொண்டு பாடம் ஒப்பிக்கச் சொன்னான்.

"இன்னொரு தடவை. உன் பிறந்த தேதி?"

"ஜூன் ரெண்டு."

"அப்போ கிளினிக்ல நவம்பர்னு எப்படி வந்தது?"

"அவங்க... அவங்க தப்பா எழுதிட்டாங்க."

"திக்காம சொல்லு. அவங்கன்னா யாரு?"

"ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு."

"அவ்வளவுதான். ஒரே வரி. அதுக்கு மேல ஒரு எழுத்து பேசாதே."

சின்னவள் தலையாட்டினாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை இருவருமே பார்க்கவில்லை. பார்த்தது வக்கீல். ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, "அப்பா, பால் பொங்குது. அப்புறம், அந்த அக்கா தப்பா எழுதலை" என்றாள்.

மெக்கானிக் மெதுவாகத் திரும்பினான்.

"அம்மா நவம்பர்னு சொன்னாங்க. நான்தான் அந்த அக்கா பாஷையில சொன்னேன். அவங்க திருப்பிக் கேட்டாங்க. நான் திருப்பிச் சொன்னேன். அவங்க அழகா எழுதினாங்க."

"நீ அங்கே வாயைத் திறக்கக் கூடாது."

"அவங்க கேட்டா?"

"தெரியாதுன்னு சொல்லு."

"தெரியுமே!"

மெக்கானிக் பெருமூச்சு விட்டுச் சட்டைக்கு இஸ்திரி போடப் போய்விட்டான். எட்டு மாடி லிப்டைத் தனியாளாகக் கழற்றி மாட்டுகிறவன், எட்டு வயதிடம் தோற்றுப்போவது வாரம் ஒரு முறை நடப்பதுதான். ஆனால் இன்று காலரில் ஒரு மடிப்பு அப்படியே நின்றுவிட்டது.

மூன்று மாதத்துக்கு முன்பு சின்னவளுக்குத் தலைசுற்றல். மெக்கானிக் வேலையில் இருந்தான். மகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கிளினிக் போனாள். பிறந்த தேதி என்று கேட்டதும் வாயில் நவம்பர் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் எதை வேண்டுமானாலும் சொல்லு, டாக்டரிடம் நிஜ தேதியைச் சொல்லு, மருந்தின் அளவு வயதைப் பொறுத்தது என்பது அவளுடைய அம்மா போட்ட சட்டம். ஊரில் டாக்டர் அறைக்குள் நுழையும்போதெல்லாம் அம்மா குனிந்து ரகசியமாக, "எழுதியிருக்கறது ஸ்கூல் வயசு டாக்டர், நிஜத்துல அஞ்சு மாசம் கம்மி" என்பாள். டாக்டரும் தலையாட்டிக்கொள்வார். அந்த ஐந்து மாதம் கம்ப்யூட்டர் ஏறி, ஊர் சுற்றி, அட்டை அலுவலகத்தில் போய் உட்காரும் என்று யாருக்குத் தெரியும்?

வக்கீல் அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள். குரலில் இப்போது வாதம் எதுவும் இல்லை.

"அம்மா, நான் அன்னிக்கு ஜூன்னு சொல்லியிருந்தா இந்த லெட்டர் வந்திருக்காதா? என்னாலதான் நம்மளை அனுப்பப் போறாங்களா?"

"யாரு சொன்னது அப்படி? நான் சொன்னதைத்தானே நீ சொன்னே?"

"அந்த அக்காவைத் திட்டுவாங்களா?"

சின்னவள் குழந்தையின் தலையை வாரத் தொடங்கினாள். வாரிய தலையையே மறுபடியும் வாரினாள்.

பஸ்ஸில் மூவரும் ஒட்டி உட்கார்ந்துகொண்டார்கள். ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது. கடைக்காரர் ஷட்டரைத் தூக்கினார். நாயோடு ஒருவர் நடந்தார். சின்னவளுக்கு அவர்கள் மேல் பொறாமையாக இருந்தது. அந்த நாய்க்குக்கூட இங்கே இருக்க உரிமை இருக்கிறது என்று தோன்றியதும் கண் கலங்கியது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"திருப்பி அனுப்பினா மூணு பேரையுமா, என்னை மட்டுமாங்க?"

"வாயைக் கழுவு. யாரும் யாரையும் அனுப்பப் போறதில்லை."

"அவளுக்கு இப்பதான் ஸ்கூல்ல ரெண்டு சிநேகிதி கிடைச்சிருக்காங்க."

"நீ அந்த ஒரு வரியைச் சொல்லு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

அலுவலகம் ஐந்தாவது மாடி. லிப்ட் கதவு திறந்தபோது மெக்கானிக் பழக்கதோஷத்தில் குனிந்து பார்த்தான்.

"தரைக்கு அரை இஞ்ச் கீழே நிக்குது. யாரு இதைப் பாக்கறாங்களோ."

"இப்ப இது ரொம்ப முக்கியமா?"

"கால் தடுக்கும்ல" என்று அவன் முணுமுணுத்தான். பயந்துபோன மனுஷன் தனக்குத் தெரிந்த ஒன்றைப் பிடித்துக்கொள்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. அவன் முழங்கையைத் தொட்டாள். சட்டை நனைந்திருந்தது.

மேலே வரிசையாக நாற்காலிகள், சுவரில் எண் காட்டும் பலகை. எண் மாறும்போதெல்லாம் ஒரு மணி ஒலித்தது. ஒவ்வொரு மணிக்கும் சின்னவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிரே ஒரு பெண் கைக்குழந்தையோடு அறையிலிருந்து அழுதுகொண்டே வந்தாள். சந்தோஷ அழுகையா, மற்றதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அதை முடிவு செய்வதற்குள் இவர்கள் எண் வந்துவிட்டது.

சின்ன அறை. கதவில் பாதி கண்ணாடி. மேஜைக்குப் பின்னால் நரைத்த கிராப்புத் தலையோடு ஒரு பெண் அதிகாரி. நடுவில் ஒரு டெலிபோன். வாயைத் திறக்காதே என்று சொன்னதை மறந்து, வேறு வழியில்லாமல் மகளைக் காட்டி, இவளே மொழிபெயர்ப்பாள் என்று மெக்கானிக் தனக்குத் தெரிந்த அரைகுறை பாஷையில் சொன்னான். குழந்தைகளை வைத்து மொழிபெயர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அதிகாரி டெலிபோன் பொத்தானை அமுக்கினார். ஸ்பீக்கரிலிருந்து அச்சுப்போட்டதுபோல் ஒரு பெண்ணின் தமிழ்க் குரல் வந்தது.

"வணக்கம். நான் மொழிபெயர்ப்பாளர். இங்கு பேசப்படும் அனைத்தையும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்ப்பேன். தங்கள் பிறந்த தேதி யாது?"

ஏழு மாதம் கழித்து வீட்டுக்கு வெளியே ஒரு தமிழ்க் குரல். வேறு சமயமாக இருந்தால் சின்னவள் அந்த டெலிபோனைக் கட்டிக்கொண்டிருப்பாள்.

"ஜூன் ரெண்டு."

"எனில், மருத்துவமனைப் பதிவில் நவம்பர் பதினான்கு என்று இருப்பது ஏன்?"

பாடம் பண்ணிய அந்த ஒரு வரி சின்னவளுக்கு மறந்துபோனது. மெக்கானிக் முந்திக்கொண்டான். "கிளினிக்ல தப்பா எழுதிட்டாங்க. ரிசப்ஷன்ல இருந்த பொண்ணோட தப்பு."

குரல் அதை மொழிபெயர்த்தது. அதிகாரி ஒரு தாளை எடுத்து அவர்கள் பக்கம் திருப்பினார். கிளினிக் படிவம். கீழே சின்னவளின் கையெழுத்து, அதன் பக்கத்தில் அந்த ரிசப்ஷன் பெண்ணின் கையெழுத்து.

"பணியாளர் தவறாகப் பதிவு செய்தார் என்று தாங்கள் கூறினால், அதை எழுத்தில் தர வேண்டும். அந்தப் பணியாளர் மீது விசாரணை நடைபெறும். எழுதித் தருகிறீர்களா?"

"தர்றோம்" என்றான் மெக்கானிக்.

வக்கீல் அம்மாவின் புடவைத் தலைப்பை ஒரு இழு இழுத்தாள். வாயைத் திறக்கவில்லை, அப்பா சொன்னதைக் கேட்டாள். ஆனால் கண் இரண்டும் நிறைந்து நின்றது.

அந்தப் பெண்ணைச் சின்னவள் நினைத்துக்கொண்டாள். இருபது வயதுக்கு மேல் இருக்காது. தலைசுற்றி நின்றவளை ஓடி வந்து பிடித்து உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, கையிலிருந்த அட்டையால் விசிறியவள். இந்த ஊரில் சின்னவளை முதன்முதலாகத் தொட்டவள் அவள்தான்.

"வேண்டாங்க" என்றாள் சின்னவள்.

"சும்மா இரு."

"அவ மேல ஏன் பழி போடணும்? நான் சொல்லிடறேன்." டெலிபோனைப் பார்த்துக் குனிந்தாள். அதற்குத்தான் தமிழ் தெரியும். "அந்தப் பொண்ணு சரியாத்தான் எழுதினா. நான் பிறந்தது நவம்பர். ஜூன்னு எழுதினது எங்க ஹெட்மாஸ்டர்."

மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டான்.

பிறகு அவள் நிறுத்தவில்லை. பயம் மடை திறந்தால் பேச்சாகத்தான் வரும்போலிருக்கிறது. அக்கா பள்ளிக்கூடம் போவதைப் பார்த்துத் தானும் போவேன் என்று அடம்பிடித்தது, அப்பா கூட்டிக்கொண்டு போனது, அஞ்சு வயது ஆகவில்லையே என்று ஹெட்மாஸ்டர் இழுத்தது. "கையைத் தலைக்கு மேல போட்டு அந்தப் பக்கத்துக் காதைத் தொடச் சொன்னார். தொட்டுட்டா வயசு சரி. எனக்குக் கை கொஞ்சம் நீளம்."

"மன்னிக்கவும், எந்தக் கை?" என்றது குரல். முதல் தடவையாக அது தடுமாறியது.

சின்னவள் செய்தே காட்டினாள். வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைப் பிடித்தாள். அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு, நம்ப மாட்டீர்கள், சிரித்துவிட்டார். தானும் ஒரு தரம் கையை வளைத்துக் காதைத் தொட முயன்று பார்த்தார்.

"இவ்வாறான வழக்குகள் பல நாடுகளிலிருந்து வருவதாக அதிகாரி கூறுகிறார். இது குற்றமாகக் கருதப்படாது. பெற்றோரிடமிருந்து உறுதிமொழிக் கடிதம் ஒன்று பெற்றுத் தந்தால், உண்மையான தேதியைப் பதிவு செய்துகொள்ளலாம்."

மெக்கானிக் கண்ணைத் திறந்தான். அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது முகத்தில் அப்படியே தெரிந்தது. "அட, இவ்வளவுதானா?" என்று மனைவியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம், வெட்கம், பாராட்டு எல்லாம் கலந்திருந்தது. வக்கீல் சத்தம் வராமல் கை தட்டினாள்.

சின்னவளுக்கும் உடம்பு லேசாகிவிட்டது. ஆறு நாளில் முதல் தடவையாகப் பசித்தது.

அதிகாரி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிப் புதிய தேதியைத் தட்டினார். தட்டிவிட்டு நிமிரவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோப்பைப் புரட்டி ஒரு தாளை வெளியே எடுத்தார். கல்யாணச் சான்றிதழ். குடும்பத்தோடு வருவதற்காகக் கொடுத்த காகிதங்களில் அதுவும் ஒன்று.

விரல் தாளில் ஓடி ஒரு இடத்தில் நின்றது. சிரித்த முகம் அது இல்லை இப்போது.

"கணவர், குழந்தையுடன் வெளியே அமருமாறு அதிகாரி கேட்டுக்கொள்கிறார்."

"ஏன்? முடிஞ்சுதே?" என்றான் மெக்கானிக்.

"தயவுசெய்து வெளியே அமரவும்."

அவன் எழுந்தான். போகும்போது அவள் தோளில் கை வைத்துவிட்டுப் போனான். அதை அதிகாரி பார்த்தார், எதையோ குறித்துக்கொண்டார். கதவு சாத்திக்கொண்டது.

"தங்கள் திருமணம் பத்து ஆண்டுகளுக்கு முன் செப்டம்பர் நான்காம் தேதி நடந்துள்ளது. தாங்கள் இப்போது கூறிய தேதியின்படி, அன்று தங்களுக்குப் பதினெட்டு வயது நிறைவடைய எழுபத்தோரு நாட்கள் இருந்தன. இது சரியா?"

சின்னவளுக்கு முதலில் புரியவில்லை. விரல் விட்டு எண்ணினாள். செப்டம்பர், அக்டோபர், நவம்பர். மறுபடியும் எண்ணினாள்.

பத்து வருடத்தில் இந்தக் கணக்கை யாருமே போட்டதில்லை. பத்திரிகை அடித்தவர்கள் போடவில்லை. மண்டபத்துக்கு வந்த நானூறு பேர் போடவில்லை. வருடா வருடம் நவம்பரில் மறக்காமல் வாழ்த்துச் சொல்லும் மெக்கானிக்கும் போடவில்லை. சத்தியமாக அவளும் போடவில்லை. ஸ்கூல் சர்டிபிகேட்டில் பதினெட்டு என்றால் பதினெட்டுதான் என்று எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

"சரிதானா என்று கேட்கிறார்."

"...சரிதான்."

"பதினெட்டு வயது நிறையாத ஒருவரை மணந்தவருக்கு அட்டை வழங்குவது குறித்துத் தனி விதிகள் உள்ளன. ஆகவே இனி வரும் கேள்விகளுக்குத் தாங்கள் மட்டும் பதில் கூற வேண்டும். இந்தத் திருமணத்துக்கு யாரேனும் தங்களைக் கட்டாயப்படுத்தினார்களா?"

"ஐயோ, இல்லை. யாரும் அடிக்கலை, மிரட்டலை. அவர் தங்கமான மனுஷன்."

குரல் மொழிபெயர்த்தது. அதிகாரி எழுதினார்.

"தங்கள் சம்மதத்தைக் கேட்டது யார்?"

இது சுலபமான கேள்வி என்றுதான் சின்னவள் வாயைத் திறந்தாள். அப்பா என்று சொல்ல வந்தாள். அப்பா அம்மாவிடம் கேட்டார். அம்மா அக்காவிடம் கேட்டாள். மாப்பிள்ளை வீட்டார் சமைக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். புடவைக் கடையில்கூடப் பச்சையா நீலமா என்று ஒருவர் கேட்டார். யோசிக்க யோசிக்க ஒவ்வொரு முகமாக வந்தது, ஒவ்வொன்றும் இன்னொருத்தரிடம் கேட்டுக்கொண்டிருந்தது. இருபத்தெட்டு வயதில், முன்பின் தெரியாத ஒரு ஊரில், டெலிபோனுக்குள்ளிருந்து அவளை யார் கேட்டார்கள் என்று முதல் தடவையாக ஒருத்தி கேட்கிறாள். அந்தக் கேள்வியைவிடத் தன்னுடைய பதில்தான் அவளைப் பயமுறுத்தியது.

"யாரும் கேக்கலை" என்றாள். சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது.

ஸ்பீக்கரில் அந்த அச்சுத் தமிழ் காணாமல் போய், வேறு யாரோ பேசுவதுபோல் மெல்ல வந்தது.

"அம்மா, நீங்க சொன்னதை அப்படியே சொல்லணும். என் வேலை அது. சொல்லிடட்டுமா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெக்கானிக் தெரிந்தான். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு மகளை மடியில் வைத்து ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். காலரில் அந்த மடிப்பு நின்றது. ஒரு பொய் சொன்னால் போதும், அப்பா கேட்டார் என்று ஒரே வரி. அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விடலாம்.

ஆனால் அந்தப் பொய்யைச் சொல்ல வாய் வரவில்லை. அரை மணிக்கு முன் ரிசப்ஷன் பெண்ணுக்காக உண்மையைச் சொன்ன அதே வாய், இப்போது தனக்காகப் பொய் சொல்ல மறுத்தது.

"சொல்லுங்க. ஆனா முழுசாச் சொல்லுங்க" என்றாள். "கல்யாணத்துக்கு முன்னாடி யாரும் கேக்கலை. கல்யாணமாகி மூணு மாசம் கழிச்சு, பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு அவர் கேட்டார். உனக்கு என்னைப் பிடிச்சிருக்கா, யாரும் உன்னைக் கேட்டிருக்க மாட்டாங்க, நானாவது கேக்கறேன்னு சொன்னார். பிடிச்சிருக்குன்னு சொன்னேன். பயந்து சொல்லலை. நிஜமாவே பிடிச்சிருந்தது. இப்பவும்தான். அதையும் சொல்லுங்க, ஒரு வார்த்தை விடாம."

குரல் நிதானமாக, ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தது. பாஷை தெரியாவிட்டாலும் எது எங்கே வருகிறது என்று சின்னவளால் தொடர முடிந்தது. முதல் பாதிக்கு அதிகாரியின் பேனா ஓடியது. பஸ் ஸ்டாண்டு வந்தபோது பேனா நின்றுவிட்டது. அதிகாரி நிமிர்ந்து, ரொம்ப நேரம் அவளையே பார்த்தார்.

அந்தப் பார்வையில் இருந்தது இரக்கம். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பாவம், பயந்துபோய்க் கணவனைக் காப்பாற்றுகிறாள் என்று இந்த அம்மாள் நினைக்கிறார் என்பது புரிந்ததும், சின்னவள் பாதி எழுந்து, இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"கணவர் வீட்டில் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை, வேறு ஒருவரிடம் கேட்டு உறுதி செய்ய வேண்டும் என்கிறார்" என்றது குரல்.

"யார்கிட்ட? இங்கே எங்களுக்கு யாரையும் தெரியாதே?"

அதிகாரி எழுந்து போய்க் கதவைத் திறந்தார். மெக்கானிக் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு அவசரமாக எழுந்து நின்றான். அதிகாரி அவனைத் தாண்டிக் குனிந்து, வக்கீலைப் பார்த்துக் கையை நீட்டினார்.